பிறந்த ஊரில் ஓர் இரவு வாடகை

நவம்பரில் உயிர்ச் சான்று கொடுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு வருடம் நான் உயிரோடு இருப்பதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. அந்தத் தெம்பில், மார்கழி பிறந்த ஒரு காலை, படப்பை வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்:

"என்னங்க, இந்தப் பனிக்காலத்துல ஒரு சனி ஞாயிறு பாண்டிச்சேரி போய்த் தங்கிட்டு வரலாமா?"

நான் பிறந்தது, படித்தது, எழுத்தராக முப்பத்தேழு வருடம் கோப்பு தள்ளியது எல்லாம் புதுச்சேரியில்தான். 2011-ல் ஓய்வு பெற்றதும், ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகனுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று இங்கே வந்தோம். அதன்பிறகு கல்யாணம், சாவு என்று போவோம்; அன்றே திரும்பிவிடுவோம். அங்கே தங்குவதற்கு எங்களுக்கென்று வீடு இல்லை.

"நமக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதானே. செவ்வாய், புதன் போனா ரூம் பாதி விலை" என்றேன்.

"இல்லைங்க. கூட்டமா இருக்கிற அன்னிக்குத்தான் போகணும். கல்யாணமாகி வந்து முப்பத்தஞ்சு வருஷம் அந்த ஊர்ல இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீச்சுல உட்கார்ந்ததில்ல. பதினாலு பேருக்கு இட்லி ஊத்தினேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். நான் தினமும் நடந்தேன். அவள் நடந்ததில்லை.

எதையும் தாளில் எழுதினால்தான் எனக்கு ஓடும். வெள்ளைத்தாள் எடுத்து "பொருள்: புதுச்சேரிப் பயணம், இரண்டு நாள்" என்று தலைப்பிட்டு, "பார்வை: மனைவியின் வாய்மொழி உத்தரவு" என்று எழுதினேன். அவள் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள்.

முதலில் தேதி. டிசம்பர் கடைசி வாரம் ஆகவே ஆகாது. புத்தாண்டு இரவுக்குத் தென்னிந்தியாவின் பாதி இளைஞர்கள் அந்தக் கடற்கரையில்தான் இருப்பார்கள். பொங்கல் விடுமுறையும் வேண்டாம், குடியரசு தினத்தை ஒட்டி வரும் விடுமுறையும் வேண்டாம். ஆகவே பிப்ரவரி முதல் வாரம் என்று குறித்தேன். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் புதுச்சேரியில் நல்ல வெயில் என்பது பிப்ரவரி பாதி வரைதான் நல்ல வெயில். அதன்பிறகு அது வெறும் வெயில்.

இரண்டாவது, போகும் வழி. தாம்பரத்தில் காலையில் நிற்கும் புதுச்சேரி ரயில் உண்டு. விழுப்புரம் போய்த்தான் கடற்கரைப் பக்கம் திரும்பும். 1879-ல் போட்ட பாதை. அன்றிலிருந்து அதே சுற்று. காலை ஏழு மணிக்குள் தாம்பரத்தில் இருக்கவேண்டும் என்றால் படப்பையில் ஐந்தரைக்கே கிளம்பவேண்டும். என் மனைவியின் இதயத்துக்கு விடியற்காலைப் பனி ஆகாது. எனவே பேருந்து. படப்பையிலிருந்து மண்ணிவாக்கம் வழியாக வண்டலூர் வரை சாதாரணப் பேருந்து. அவளுக்குக் கட்டணம் கிடையாது, எனக்கு மட்டும் உண்டு. அங்கிருந்து கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் பேருந்து நிலையம் திறந்தபோது நகரத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் தூரம் என்று திட்டினார்கள். எங்களைப் போன்ற படப்பை, மணிமங்கலம் ஆட்களுக்கு அது வீட்டு வாசலில் வந்த மாதிரி. கோயம்பேடு வரை மேலே போய், மறுபடி அதே வண்டலூர் வழியாகக் கீழே வந்த கொடுமை ஒழிந்தது. திண்டிவனம் வழியாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வருவதற்கு ஒரு குறிப்பு: ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குள் ஊரை விட்டுவிட வேண்டும். நான்கு மணிக்குக் கிளம்பினால் சென்னைக்குத் திரும்பும் அத்தனை கார்களோடும் பரனூர் சுங்கச்சாவடியில் உட்கார்ந்து செங்கல்பட்டுக் காற்றைச் சுவாசிக்கலாம்.

மூன்றாவது, தங்கும் இடம். இங்கேதான் கோப்பு நின்றது.

மகன் கைப்பேசியில் விடுதிகளைத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தான். வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவர் விடுதிகள். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில், திண்ணை வைத்த பழைய வீடுகள். ஒரு படத்தில் என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நம்ம முத்தம்."

எட்டு மரத்தூண். நடுவில் வானம். தூண்களுக்கு எண்ணெய் தேய்த்துக் கறுப்பாகப் பளபளக்க வைத்திருந்தார்கள். எங்கள் காலத்தில் அவை பழுப்பாக, குழந்தைகள் சாய்ந்து சாய்ந்து இடுப்பு உயரத்துக்கு மட்டும் வழவழப்பாக இருக்கும். ஆனாலும் அது எங்கள் வீடுதான். என் தாத்தா கட்டியது. 2009-ல் விற்றது.

ஓர் இரவுக்கு 7,800 ரூபாய் என்று போட்டிருந்தது. 1974-ல் நான் வேலையில் சேர்ந்தபோது மூன்றாவது ஊதியக்குழுவின் 260–400 ஊதிய விகிதம். அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய். ஆக, ஓர் இரவுக்கு என்னுடைய முப்பது மாத அடிப்படைச் சம்பளம். கணக்கைத் தாளில் எழுதி அவள் முன்னால் வைத்தேன்.

"பிறந்த வீட்டுல படுக்கக் காசு கொடுக்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கல" என்றேன்.

"நான் கொடுக்கிறேன். எங்கிட்ட இருக்கு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டை ஏன் விற்றோம் என்று சொல்லியாக வேண்டும். 2009-ல் என் மனைவிக்கு இதயத்தில் மூன்று அடைப்பு, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். அதற்கு முந்தின வருடம்தான் மகள் கல்யாணம் முடிந்து, கடன் அப்படியே இருந்தது. வீடு அண்ணனுக்கும் எனக்கும் பொது. வாங்கிக்கொள்ள அண்ணனிடம் பணம் இல்லை. மில் வேலை, அதுவும் பாதி நாள் இல்லை. எனக்குக் காத்திருக்க நேரம் இல்லை. விற்றுத்தான் ஆகவேண்டும் என்று நின்றேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அண்ணியோடு இலாசுப்பேட்டையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். மனைவி பிழைத்தாள். அண்ணன் அதன்பிறகு என்னிடம் சரியாகப் பேசவில்லை. விசேஷங்களில் பார்த்தால் "சாப்பிட்டியா" என்பார், அவ்வளவுதான். 2016-ல் போய்விட்டார்.

இதெல்லாம் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒருநாளும் பேச்சாக வந்ததில்லை. அவளைக் காப்பாற்ற விற்றேன் என்று நான் சொன்னால் அது சொல்லிக்காட்டுவது ஆகும். என்னால்தானே என்று அவள் சொன்னால் நான் மறுக்கவேண்டும். பதினைந்து வருடமாக இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து அவளே கோப்பைத் திறந்தாள்.

"ரூம்ல தங்கணும்னு எனக்கு ஆசை இல்லைங்க. தங்குறவங்களைப் பார்க்க ஆள் வரலாம்ல? அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்து, ஒரு சாயங்காலம் அந்த முத்தத்துல உட்கார வைக்கணும். சும்மா போய் நின்னா உள்ள விடுவாங்களா?"

அக்கா என்றால் என் அண்ணி. வயது எண்பத்திரண்டு. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்குப் பத்தொன்பது.

தாளில் "ஒப்புதல்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ. ஏறுமுன் கூலி பேசிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிறந்தவன் என்று சொன்னாலும் குறையாது, சொல்லிப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் ஒரு கல்யாணப் பெண்ணும் பையனும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். ஒவ்வொரு அறைக்கும் பிரெஞ்சில் பெயர்ப் பலகை. எங்களுக்குக் கொடுத்த அறை "ஷாம்ப்ர் த கிராந்-மேர்", அதாவது பாட்டியின் அறை. எங்கள் பாட்டி ஒருநாளும் அறையில் படுத்ததில்லை. ரேழியில், தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்தபடிதான் படுப்பாள். அது நெல் மூட்டை வைத்த அறை. பலகையில் ஓர் எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய கோடு இல்லை. ஒன்பது வயதில் அந்தக் கோட்டை விட்டதற்கு எங்கள் ஆசிரியர் அளவுகோலால் கொடுத்த அடி இன்னும் விரல் மூட்டில் இருக்கிறது. வரவேற்பில் இருந்த பையனிடம் சொன்னேன். "ஓகே சார்" என்றான்.

என் தலைமுறையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களின் கதை விசித்திரமானது. நான் பள்ளியில் சேர்வதற்கு முன்பே, 1954 நவம்பர் 1-ல், நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் சில சொல்தா குடும்பங்கள் எழுதிக்கொடுத்தன. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். என் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. நான் ப்ரெவே முடித்து வேலைக்கு வந்தபோது, பிரெஞ்சு அரசு மொழியாகத் தாளில் இருந்தது. கோப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இருபத்துமூன்று வயதில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதக் கற்றேன். மேலதிகாரிகள் என்னை "மொசியே" என்று கேலி செய்வார்கள். ஆனால் பழைய பிறப்புப் பதிவேடோ, நொத்தேர் எழுதிய பத்திரமோ மேசைக்கு வந்தால் அதே மொசியேவைத்தான் கூப்பிடுவார்கள்.

முற்றத்தில் ஒரு பிரெஞ்சு வயோதிகத் தம்பதி புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். பல வருடம் கழித்து அந்த மொழியில் வாயைத் திறந்தேன். நான் பேசுவது அவர்களுடைய தாத்தா பேசிய பிரெஞ்சு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். இது என் வீடாக இருந்தது என்றேன். அந்த அம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு, "இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, அது போதாதா?" என்று கேட்டார்.

அன்று மாலை அதைப்பற்றி நிறைய யோசித்தேன். எங்கள் வரிசையிலேயே நான்கு பழைய வீடுகள் போய், கண்ணாடி வைத்த கட்டடங்கள் வந்திருக்கின்றன. கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், நகரமன்றம், 2014 நவம்பர் மழையில் தானாகவே சரிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மறுபடி கட்டி 2021-ல்தான் திறந்தார்கள். வைசியாள் வீதியில் ஒரு வரிசை வீடுகளைப் பழைய முகத்தோடு சீர்செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. விருது வாங்கும் வீதிக்குப் பின்னால் விருது வாங்காமல் விழுந்த வீடுகள் எத்தனையோ. நாங்கள் வைத்திருந்தால் கூரையை மாற்ற எங்களிடம் பணம் இருந்திருக்காது. மழைக்கு எட்டு இடத்தில் பாத்திரம் வைத்தவர்கள்தானே நாங்கள். வாங்கியவன் தூண்களை வைத்திருக்கிறான். அது நியாயமான கணக்குதான். ஆனாலும் கணக்கு நேராவதும் மனசு ஆறுவதும் வேறு வேறு.

நாலரை மணிக்கு நானே ஆட்டோவில் போய் அண்ணியைக் கூட்டி வந்தேன். எங்கே போகிறோம் என்று சொல்லியிருந்தோம். புதுப்புடவை கட்டி, கைத்தடியோடு தயாராக இருந்தார். வாசலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றித் திண்ணையோரம், எப்போதும் விடும் அதே மூலையில் விட்டார். காவலாளி "உள்ள போட்டுக்கிட்டே போலாம்மா" என்றார். அண்ணி காதில் வாங்கவில்லை.

உள்ளே வந்து நின்று மேலே பார்த்தார். ஊஞ்சல் மாட்டிய இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன; அவற்றில் பித்தளை விளக்கு தொங்கியது. அடுக்களை இருந்த இடத்தில் கணினி வைத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவளிடம் போய், "இங்கதாம்மா அடுப்பு" என்று தரையைத் தடியால் தட்டிக் காட்டினார். அந்தப் பெண் நல்ல பெண். எழுந்து நின்று தரையைப் பார்த்தாள்.

பிறகு மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்தோம். காபி வந்தது.

"இது எவ்வளவு தம்பி?"

"ரூமோட சேர்த்தி அண்ணி" என்றேன். ஒரு காபி 180 ரூபாய். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணி ஆற்றிக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் கேட்காமலே பேசினார்.

"உங்க அண்ணன் வீட்டை வித்தப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரல. பெரிய மார்க்கெட்டுக்கு வரணும்னாக்கூட சுத்திக்கிட்டுத்தான் வருவாரு."

"என்மேல கோவம் அண்ணி, அவருக்கு."

"கோவமா? யார் சொன்னா?" என்றார் அண்ணி. "உங்கிட்டப் பேசினா வீட்டுப் பேச்சு வந்துடும்னு பயம். வந்தா ஏன்டா வித்தோம்னு வாய் தவறிக் கேட்டுடுவேன்னு சொல்லுவாரு. அது இந்தப் பொண்ணு காதுக்குப் போச்சுன்னா, தன்னாலதானேன்னு அது நெஞ்சுல வச்சுக்கும், தையல் போட்ட நெஞ்சும்பாரு. அதான் சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டு நிறுத்திக்குவாரு."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து போய் அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். முன்பு வேலை முடிந்து மதியம் இருவரும் உட்காரும் இடம் அதுதான், அந்தத் தூணுக்குப் பக்கத்தில். விடுதிப் பையன் ஓடி வந்து "மேடம், சேர் போடட்டுமா" என்றான். வேண்டாம் என்று கை காட்டினேன். பேச முடியவில்லை.

ஏழு ஆண்டு அவர் உயிரோடு இருந்தபோது நானும் இலாசுப்பேட்டைக்குப் போய் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அவர் பயந்த மாதிரி நானும் பயந்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது சொத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திய அண்ணனோ தம்பியோ இருந்தால், இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் பேருந்து ஏறிவிடுங்கள். மற்றச் செலவெல்லாம் அப்புறம்.

அன்றிரவு அண்ணி எங்களோடேயே தங்கினார். அறையில் கூடுதல் படுக்கைக்கு 1,200 ரூபாய். பாட்டியின் அறையில் கடைசியில் ஒரு பாட்டி படுத்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூவரும் கடற்கரைக்குப் போனோம். மாலையிலிருந்து காலை வரை அந்தச் சாலையில் வண்டிகள் விடமாட்டார்கள். அதனால் கைத்தடியோடு வருபவர்களும் நடுச்சாலையில் நடக்கலாம். சூரியன் கடலிலிருந்து எழுந்தது. என் சின்ன வயதில் அங்கே மணல் இருந்தது. துறைமுகத்துக்குக் கல் அணை போட்டபிறகு மணல் போய், கருங்கல் குவித்தார்கள். இப்போது கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. போனது சிலசமயம் இப்படிக் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. என் மனைவி அந்த மணலில் இறங்கிக் கால் நனைத்தாள். சாயங்காலக் கூட்டத்தைத்தான் அவள் கேட்டிருந்தாள். அது சனிக்கிழமை கைவிட்டுப் போயிற்று. அதைப்பற்றிக் கேட்டதற்கு, "அடுத்த வருஷம்" என்றாள்.

பிறகு மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சட்டை, பாத்திரம், பழைய புத்தகம், பிளாஸ்டிக் வாளி எல்லாம் நடைபாதையில். இரண்டு பேரும் பேரம் பேசி ஆளுக்கொரு நைட்டி வாங்கினார்கள். நான் மூட்டை தூக்கினேன். அண்ணியை வீட்டில் விட்டபோது வாசலில் நின்று சொன்னார்:

"அடுத்த தடவை இங்கியே வந்து தங்குங்க. இலாசுப்பேட்டையில ரூம் வாடகை கிடையாது. காபியும் சேர்த்திதான்."

காபி விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேசையில் இருந்த அட்டையைப் படித்திருப்பார்.

இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தோம். பரனூரில் நெரிசல் இல்லை. ஆறரைக்குப் படப்பை. இரவு உட்கார்ந்து கணக்கு எழுதினேன். அறை, கூடுதல் படுக்கை, காபி மூன்று, ஆட்டோ, பேருந்து, நைட்டி எல்லாம் சேர்த்து 11,640 ரூபாய். அவள் தன் பணத்திலிருந்து பாதியை எண்ணி வைத்தாள். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அடுத்த வருடம் கேட்கமாட்டாள்.